படுகளத்தில் அழுதது யாருக்காக? கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஊர்க் கூத்து

ஏரிக்கரை:
குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் இங்கே உலவுகிறார்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒன்றை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மே மாதம். கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவி, அங்கே மூட்டை தூக்கியவர்கள் கிடைத்த வண்டியில் ஏறி அவரவர் ஊருக்கு வந்து சேர்ந்த நேரம். எங்கள் ஊர்க் கீழத்தெருவுக்கும் ஒரு பெரியவரும் அவருடைய இரண்டு மகன்களும் வந்தார்கள். சுகாதாரத்துறை ஆட்கள் வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தெருமுனையில் தகரம் அடித்தார்கள். நாள் கணக்கு முடிந்ததும் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தகரத்துக்கு இந்தப் பக்கம் ஊர் போட்ட வேலிகாத்தான் முள்ளைத்தான் யாரும் எடுக்கவில்லை. அது மழையில் நனைந்து, காய்ந்து, கறுத்துப்போய் ஆறு மாதம் அங்கேயே கிடந்தது. பொதுக் குழாயில் கீழத்தெருக் குடம் ஒன்று வந்தால் மற்ற குடங்கள் வரிசையை விட்டு நகர்ந்துகொள்ளும். பதினோரு வீடு. அத்தனையும் எங்கள் பங்காளிகள், சம்பந்திகள். நேற்றுவரை கொடுக்கல் வாங்கல் இருந்த வீடுகள்.

அடுத்த வருடம், மே 10-ம் தேதி முழு ஊரடங்கு போட்டார்களே, அதற்கு நாலைந்து நாள் கழித்து அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். உடம்பு வீட்டுக்கு வரவில்லை. பையில் சுற்றி நேராகச் சுடுகாடு. மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை, வாய்க்கரிசி இல்லை. பதினாறாம் நாளுக்குக்கூட ஊரில் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. அன்றோடு கீழத்தெரு எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

2022-ல் திரௌபதி அம்மன் கோயிலில் மறுபடி பாரதம் வைப்பது, அதாவது மகாபாரதக் கூத்து நடத்துவது என்று முடிவானது. தலைக்கட்டு வரி வாங்கப் போனவர்களிடம், "எங்களைத் தலைக்கட்டிலிருந்து எடுத்தது நீங்கதானே, இப்ப வரிக்கு மட்டும் சேர்த்துக்கிறீங்களா?" என்று கீழத்தெருவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், துரியோதனன் விழுகிற படுகளச் சடங்குக்கு அவன் உருவத்தை மண்ணில் போடத் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தெருவில்தான் இருக்கிறார். செத்துப்போன பெரியவரின் தம்பி. ஏரி மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கிற மாதிரி ஏழெட்டு ஆள் நீளத்துக்குப் போடவேண்டும். மீசையை மட்டும் அவர் கடைசியில்தான் வைப்பார். ஐந்து நாள் ஆள்மேல் ஆள் அனுப்பிய பிறகு வந்தார். யாரிடமும் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்தார், போட்டார், போனார்.

கிருஷ்ணன் தூது அன்று இரவு. பாண்டவருக்கு ஊசிமுனை நிலம்கூடக் கிடையாது என்று துரியோதனன் சொல்லி முடித்ததும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஆறடி தள்ளிப் போய் நின்றான். "மகாராஜா, ஊசிமுனை நெலத்த உடுங்க, அது பெரிய எடம். இந்த ஊர்ல கொழாய்க்குக் கீழ ஒரு கொடம் வெக்கிற எடத்தையே தரமாட்டேன்னுட்டாங்களாமே?" என்றான். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவர் மட்டும் சிரித்தார்.

படுகளத்தன்று காலை. பீமன் தொடையில் அடித்தாயிற்று, திரௌபதி கூந்தல் முடித்தாயிற்று. காந்தாரி வேடக்காரர் மண் உருவத்தின் மேல் விழுந்து ஒப்பாரி வைக்கிறார். அந்த நேரத்தில் கீழத்தெருப் பெரியவரின் சம்சாரம் எழுந்து வந்து துரியோதனன் கால்மாட்டில் உட்கார்ந்தார். "கடைசியா மூஞ்சியக் காட்டாமப் பூட்டியே ராசா" என்று ஆரம்பித்தார். அது காந்தாரியின் பாட்டு இல்லை. வேடக்காரர் ஒரு நிமிடம் பாட்டை நிறுத்திவிட்டார். பிறகு அந்தம்மாவின் வரிக்கே பின்வரி கொடுத்தார். எங்கள் அம்மா உட்பட மேலத்தெருப் பெண்கள் எல்லாரும் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். ஒரு வருடம் தாமதமாக அந்த எழவு அன்றைக்குத்தான் நடந்தது.

கேட்க நினைப்பது இதுதான். கலை ஊரைச் சேர்த்துவைத்தது என்று சொல்லலாமா? இல்லை, நானாக அப்படி நினைத்துக்கொள்கிறேனா?

கணக்கன்:
நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள். படுகளத்தில் பெண்கள் அழுவது வருடா வருடம் நடப்பதுதான். கொரோனாவுக்கு முன்னால் அழவில்லையா? சரி, மறுநாள் குழாயில் என்ன நடந்தது? அதைச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
மறுநாள் குழாயில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது. பொதுக் குழாய்க்கு இப்போது யாரும் போவதில்லை. அதில் மாடுதான் தண்ணீர் குடிக்கிறது.

கணக்கன்:
அப்படியென்றால் பிரச்சினையைத் தீர்த்தது கூத்து இல்லை, பிளம்பர். :)

சித்தூர் ரோடு:
குழாய்ச் சண்டை சின்ன விஷயம். 2020 ஏப்ரல் கடைசியில் நம் மாவட்டத்தில் சுவரே எழுப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகிற ரோட்டில் சைனகுண்டாவில் ஒன்று, பொன்னை பக்கம் ஒன்று. நடு ரோட்டில் ஹாலோ பிளாக் கல் அடுக்கி சிமெண்ட் பூசிய சுவர். ஆந்திராவிலிருந்து யாரும் வரக்கூடாதாம். இரு பக்கமும் கத்திய பிறகு சீக்கிரமே இடித்துவிட்டார்கள். எனக்குப் பெண் கொடுத்த வீடு சுவருக்கு அந்தப் பக்கம். வீட்டில் அவர் தெலுங்கு, நான் தமிழ், பிள்ளைகள் இரண்டையும் கலந்து எங்களைத் திட்டுவார்கள். அன்றைக்கு மாமியார் போனில் கேட்டது: "மேம் ஏமன்னா சைனா வாள்ளமா?" நாங்கள் என்ன சீனாக்காரர்களா என்று. சைனகுண்டா என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி வந்ததில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கூத்துக்கு வருகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கமும் திரௌபதி அம்மன் கோயில்கள், பாரத உற்சவம், படுகளம் எல்லாம் உண்டு. இங்கிருந்து கூத்துக்காரர்கள் அங்கே போவார்கள். சுவர் கட்டியவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முகவீணை:
நான் கூத்துக்கார வீட்டுப் பிள்ளை. அப்பா ஆரணி பக்கம் ஒரு ஜமாவில் முகவீணை என்ற ஊதுகருவி வாசிப்பார். இங்கே எல்லாரும் "கலை என்ன செய்தது" என்று கேட்கிறீர்கள். அந்த இரண்டு வருடம் கலைக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லையே.

எங்களுக்கு மாசியிலிருந்து ஆடி வரைதான் பிழைப்பு. அந்த ஆறு மாதக் கூலியில்தான் வருடம் ஓடவேண்டும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு என்றால் எங்களுக்கு அது சரியாக நடவு முடிந்த வயலில் வெள்ளம் வந்த கதை. தை மாதமே வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கியாயிற்று, அந்தப் பணம் செலவும் ஆயிற்று. கூத்து நடக்கவில்லை என்றதும் சில ஊரில் "பரவாயில்லை வாத்தியாரே, அடுத்த வருஷம் ஆடுங்க" என்றார்கள். சில ஊரில் ஆள் அனுப்பித் திருப்பிக் கேட்டார்கள். அடுத்த வருடமும் அதே சித்திரை வைகாசியில்தான் இரண்டாம் அலை. 2021-ல் ரேஷன் கார்டுக்கு இரண்டு தவணையாக வந்த 4,000 ரூபாய், அம்மா சுற்றிய பீடி, அப்பா போன நூறு நாள் வேலை. இவைதான் எங்களைக் காப்பாற்றின. எங்கள் ஜமாவில் பெண் வேடம் கட்டுகிறவர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போனார். இன்னும் திரும்பி வரவில்லை. மாதச் சம்பளம் வருகிறது, பி.எஃப் பிடிக்கிறார்கள், எதற்கு வரவேண்டும்?

கட்டைச் சாமான்களைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்வது. இரவெல்லாம் தலையில் சுமந்து சுழன்று ஆடவேண்டும் அல்லவா, லேசான மரம்தான் தாங்கும். லேசான மரம் என்றால் பூச்சிக்கும் லேசுதான். இரண்டு வருடம் பெட்டியைத் திறக்கவில்லை. 2022-ல் திறந்தபோது கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் அப்படியே மினுக்கின, தூக்கினால் பின்பக்கம் மாவாக உதிர்ந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

யூடியூபில் ஆடிப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் நாலு பேர், ஒரு செல்போன். மற்ற வேடம் எல்லாம் ஓரளவு வந்தது. கட்டியங்காரனுக்குத்தான் வரவில்லை. அவன் யாரைப் பார்த்துக் கிண்டல் செய்வான்?

கவுண்டன்யா:
தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏரிக்கரை கேட்டதற்கு நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். நான் குடியாத்தம். வைகாசி 1-ம் தேதி எங்கள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு கிளம்பி, தெருத்தெருவாகத் தேங்காய் உடைபட்டு, ஆற்றைத் தாண்டி கோபாலபுரம் போய் அங்கே சண்டாளச்சி உடலில் பொருந்தும். கதை தெரியாதவர்களுக்காக: ஜமதக்னி முனிவர் சொல்லி மகன் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டுகிறான். காப்பாற்ற வந்தவளின் தலையும் விழுகிறது. உயிர் கொடுக்கிற அவசரத்தில் தலையும் உடம்பும் மாறிவிடுகின்றன. முனிவர் பெண்டாட்டியின் தலை, தாழ்த்தி வைக்கப்பட்டவளின் உடம்பு. அந்த உருவத்தைத்தான் ஊரே கும்பிடுகிறது.

சின்ன வயதில் இதைப் பார்த்து, சாதி இல்லை என்று சொல்கிற திருவிழா என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சிரசு அந்த உடம்பில் சில மணி நேரம்தான் இருக்கிறது, அப்புறம் கழற்றிவிடுவார்கள். ஒருநாள் பொருந்தும், மறுநாள் தலை தலை, உடம்பு உடம்பு. 2020-லும் 2021-லும் கூட்டம் இல்லாமல் விழா முடிந்தபோது எங்கள் தெருவில் பலர் அழுதார்கள். அதே ஆட்கள்தான் தூய்மைப் பணியாளர் பெண்ணுக்கு வாசலில் தனி டம்ளர் வைத்தார்கள். கேட்டால் கொரோனாவாம். கொரோனா போய்விட்டது, டம்ளர் இன்னும் இருக்கிறது.

கணக்கன்:
அக்கா, இதைத்தான் நான் சொல்லவந்தேன், நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள். ஏரிக்கரை, உங்கள் ஊர்க் காலனி ஆட்கள் படுகளத்தில் எங்கே நின்றார்கள்? உங்கள் கதையில் மேலத்தெரு இருக்கிறது, கீழத்தெரு இருக்கிறது. காலனி எங்கே?

ஏரிக்கரை:
ஏரிக்கரை மேட்டில் நின்றார்கள். எப்போதும் அங்கேதான். பம்பை அடிப்பவர்கள் மட்டும் உள்ளே.

உண்மையைச் சொன்னால், நீங்கள் கேட்கும்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

பேரணாம்பட்டு பாய்:
ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முகவீணை தம்பி "ஜமா" என்று எழுதியிருக்கிறார். கூத்துக் குழுவுக்கு ஆரணி, செய்யாறு பக்கம் அதுதான் பெயர். கூட்டம் என்ற பொருளில் உருது வழியாக வந்த அரபுச் சொல். எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தும் அதே வேர்தான். பாரதம் ஆடுகிறவனும் தொழப்போகிறவனும் கூட்டத்துக்கு ஒரே சொல்லை வைத்திருக்கிற மண் இது.

2020 ஏப்ரலில் அந்தச் சொல் என்ன பாடு பட்டது என்று உங்களுக்கே தெரியும். டெல்லி தப்லீக் ஜமாஅத் மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் கணக்கைத் தினமும் சாயங்காலம் தனியாகச் சொன்னார்கள். பழைய கிளாஸ்மேட் வாட்ஸ்அப் குரூப்பில் என்னை யாரும் திட்டவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் நான் "குட்மார்னிங்" போட்டால் யாரும் பதில் போடவில்லை. இருபத்தேழு வருட சிநேகிதம். நான் டெல்லியைக் கண்ணால் பார்த்தது கிடையாது.

அடுத்த வருடம் பிணம் தூக்க ஆளில்லாமல் போனபோது, தமுமுக என்ற முஸ்லிம் அமைப்பின் பிள்ளைகள் கவச உடையைப் போட்டுக்கொண்டு தமிழ்நாடு முழுக்க எல்லா மதத்துப் பிணத்தையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். அதற்கு குரூப்பில் பூப்பூவாகக் கைகூப்பு வந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. நல்லவன் என்று காட்டுவதற்கு ஒருவன் பிணம் தூக்கவேண்டி இருக்கக்கூடாது.

இதற்கு என்ன கலை இருக்கிறது? எங்கள் பக்கம் படுகளம் கிடையாதே.

ஓய்வு டீச்சர்:
காட்பாடியில் இருக்கிறேன், வயது எழுபத்து நாலு. தட்டச்சில் பிழை இருந்தால் பேரன்தான் பொறுப்பு.

எனக்குப் பெரியம்மை வார்த்திருக்கிறது, கன்னத்தில் தழும்பு இருக்கிறது. அப்போதும் வீட்டு வாசலில் அடையாளம் வைத்தார்கள். ஸ்டிக்கர் இல்லை, வேப்பிலைக் கொத்து. வேப்பிலையைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டார். தனிமைப்படுத்தல் அன்றும் இருந்தது. ஆனால் "அந்த வீட்டில் நோய்" என்று யாரும் சொல்லமாட்டார்கள், "அந்த வீட்டில் அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். திண்ணை ஓரம் இளநீரை வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுப் போவார்கள். சாயங்காலம் பாட்டி என் தலைமாட்டில் உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டு படிப்பாள். அரைமயக்கத்தில் அந்த ராகம் மட்டும் கேட்கும். உடம்பெல்லாம் முத்து, தொட்டால் எரியும். அந்த எரிச்சலுக்கு முத்து என்று பெயர் வைத்தவர் யாரோ, அவரை நான் கவிஞர் என்பேன்.

2020-ல் எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு வீட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த வீட்டின் நம்பரைத்தான் எல்லாரும் சொன்னார்கள், பெயரைச் சொல்லவில்லை.

கணக்கன்:
டீச்சர், மரியாதையோடு ஒன்று. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி, தாலாட்டு இல்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தபோது மாரியம்மனுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

ஓய்வு டீச்சர்:
தம்பி, நான் பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போட வரிசை கட்டி நிறுத்தியவள். நோயைப் பாட்டு போக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? நோயாளியை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்பதைத்தான் சொன்னேன்.

கணக்கன்:
சரி டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏரிக்கரையிடம் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த வேலிகாத்தான் முள்ளை "ஊர் போட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் என்றால் யார்?

ஏரிக்கரை:
ஆறு பேர். நான் நாலாவது ஆள். ஏரியில் வெட்டி, கவட்டைக் கொம்பால் இழுத்துக்கொண்டு வந்தோம். உள்ளங்கையில் முள் ஏறி இரண்டு வாரம் சீழ் வைத்திருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை, மூன்று வயதுக் குழந்தை. பயம்தான். ஆனால் பயத்தில் போட்ட முள்ளை பயம் போன பிறகு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எடுத்தால் நான்தான் போட்டேன் என்று ஆகிவிடும். அதனால் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கட்டியங்காரன் குடத்தைப் பற்றிச் சொன்னபோது என் காது சுட்டது. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. துரியோதனனைப் பார்த்துத்தான் சொன்னான். பஞ்சாயத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

முகவீணை:
அண்ணே, அதுதான் அந்த வேடத்துக்கு இருக்கிற சலுகை. ராஜாவுக்கு வாயில்காப்போன், அதனால் ராஜாவைக் கேட்பான். ராஜா வேடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரியும். இதை வாத்தியார் யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார். சாயங்காலம் அரிதாரம் பூசும்போது ஊர்ச் சிறுவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அவர்களிடம் பேச்சுக் கொடுத்தே ஊர்க்கதை முழுவதையும் வாங்கிவிடுவார்கள்.

கணக்கன் அண்ணன் சொல்வதிலும் பாதி எனக்குச் சம்மதம். நாங்கள் ஊரைச் சேர்த்துவைக்க வருவதில்லை, கூலிக்கு வருகிறோம். காலனிக்காரர்கள் எங்கே நிற்பது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. எங்களையே எங்கே சாப்பிடவைப்பது என்று சில ஊரில் இன்றும் பேச்சு நடக்கிறது. இது கட்டைக்கூத்தா தெருக்கூத்தா என்று காஞ்சிபுரத்தில் 1990-ல் சங்கம் வைத்தவர்கள் தொடங்கி ஆராய்ச்சிக்காரர்கள் வரை வாதாடுகிறார்கள். தெருவில் ஆடுவதால் அது தெருவுக்குச் சொந்தம் என்று அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். எந்தத் தெரு என்று கேட்பார்.

பேரணாம்பட்டு பாய்:
உங்கள் அப்பாவிடம் என் சலாம் சொல்லுங்கள் தம்பி.

கவுண்டன்யா:
ஏரிக்கரை, அந்தக் கட்டியங்காரனோடு பேசிப் பார்த்தீர்களா? அவருக்கு உங்கள் ஊர்க்கதை எவ்வளவு தெரிந்தது என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

ஏரிக்கரை:
நல்ல யோசனை அக்கா. வாத்தியார் நம்பர் இருக்கிறது. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

சித்தூர் ரோடு:
அதற்குள் ஒரு செய்தி. சைனகுண்டா பக்கம் போனேன். சுவர் இருந்த இடம் எது என்று தேடினேன், ரோடு மறுபடி போட்டுவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. செக்போஸ்டில் டீ விற்பவரைக் கேட்டால், "எந்தச் சுவர்?" என்கிறார்.

ஏரிக்கரை:
பேசினேன். வருடத்துக்கு எண்பது தொண்ணூறு ஊரில் ஆடுகிற மனிதர். ஊர்ப் பெயரைச் சொல்லி, குழாய், குடம், ஊசிமுனை எல்லாம் சொன்னேன். "அப்படியா சொன்னேன்? நாபகம் இல்லீங்களே. எங்க போனாலும் ஏதாச்சும் சொல்றதுதான்" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

போனை வைக்கப்போகும்போது அவரே, "அந்த ஊரா... மூலை வீட்டம்மா டீ குடுத்துச்சே, அந்த ஊர்தானே?" என்றார். கிருஷ்ணன் தூது அன்று இரவு இரண்டரை மணி இருக்குமாம். ஒரு அம்மா பெரிய குண்டானில் டீ போட்டுக்கொண்டு வந்து பந்தலுக்குப் பின்னால் வைத்தாராம், இரண்டு சர டம்ளரோடு. கூத்துக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் குடித்தார்கள். பந்தலைச் சுற்றி நின்ற ஊர் ஆட்களையும் அந்தம்மா கூப்பிட்டாராம். ஒருத்தரும் டம்ளரை எடுக்கவில்லை. மிச்ச டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "நல்லா இஞ்சி தட்டிப் போட்ட டீங்க" என்றார்.

மூலை வீடு என்றால் கீழத்தெரு மூலை. பெரியவர் வீடு. நான் அன்று இரவு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது எனக்குத் தெரியாது.